நானா சொல்லாமல் விட்டது

முழங்கை நீளத்தில் மரப்பிடி போட்ட ஒரு ஸ்குரூ டிரைவர், கார் திருத்துகிற நானாவிடம் இருந்தது. அதன் நுனியை ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். மற்றக் கையை மேலே தூக்குவார். அந்தக் கை தூக்கினால் கராஜில் யாரும் சுத்தியலைத் தொடக்கூடாது, கதைக்கக்கூடாது. முதல் தடவை நான் அதைப் பார்த்த அன்று, கராஜ் இருக்கிற சிறு ஒழுங்கையின் வாசலில் சவாரிக்கு நின்ற ஓட்டோக்காரர்கூடத் தன் எஞ்சினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கொட்டாஞ்சேனைச் சந்தடிக்குள் அப்படி ஒரு அமைதி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. என் மாமனார் மட்டும் பக்கத்தில் நின்று, தன் நெஞ்சில் வைத்தியர் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

பார்க்கப்பட்டது எங்கள் பழைய கார். இலக்கத் தகட்டின் நடுவில் ஸ்ரீ எழுத்து இருக்கிற காலத்துக் கார். பச்சைக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்ட ஒரு நிறம். மாமா அதைப் பாசிப்பயறு நிறம் என்பார், என் கணவர் அழுக்கு நிறம் என்பார். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற அடுக்குமாடிக்குக் கீழே அது நிற்கும். பக்கத்தில் நிற்கிற புதுக் கார்கள் எல்லாம் சாவியைக் கண்டதும் கண் சிமிட்டும், குரல் கொடுக்கும். இது பேசாமல் நிற்கும். மாமா அரசாங்கத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கோடு நேராக இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காத மனிதர். கல்யாணமான புதிதில் வாங்கிய காரை நாற்பது வருஷமாகத் தானே ஓட்டி, தானே கழுவி வைத்திருந்தார்.

அதை வெறும் ஆசைக்காக வைத்திருந்தார் என்று சொன்னால் அநியாயம். மாமிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. ஓட்டோவில் ஏறக் காலைத் தூக்க முடியாது, வேனில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும், தள்ளினால் அவவுக்கு மானம் போய்விடும். இந்தக் காரின் கதவு அகலம், இருக்கை நிலத்துக்குக் கிட்டப் பதிவு. கதவைத் திறந்து, பின்பக்கமாகத் திரும்பி, மெல்ல இருந்து, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்து வைப்பா. லிஃப்ட்டில் இறங்கி, நாலு எட்டு வைத்தால் கார். மாமாவும் மாமியும் பின்னேரங்களில் வெளியே போய்வந்தது அந்தக் காரால்தான். கார் இல்லையென்றால் மாமிக்கு எங்கள் பல்கனிதான் கொழும்பு.

இந்த விஷயத்தில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒளித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. மாமி நடமாடிய காலத்தில் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் கீழே போய்க் காருக்குப் பொட்டு வைத்துவிட்டு வருவா. முன் பக்கத்தில் ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று. முழங்கால் மடங்க மறுத்த பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. நான் எதையும் ஏனோதானோ என்று செய்கிறவள் இல்லை. சந்தனத்தைப் பன்னீர் விட்டுத் தடிப்பாகக் குழைத்து, காசளவு வட்டமாக வைத்து, நடுவில் குங்குமம் வைப்பேன். வட்டம் பிசகினால் துடைத்துவிட்டுத் திரும்பவும் வைப்பேன். மாமாவின் மருமகள் அல்லவா.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் வரிசையில் நின்ற காலத்தில் அந்தப் பொட்டுகளோடு மூன்றாவது ஒன்று சேர்ந்தது. அந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாமா காரை வரிசையில் விட்டுவிட்டு இரண்டு நாள் அதற்குள்ளேயே இருந்தார். நான் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போனேன். அன்று வெள்ளிக்கிழமை, கையில் சந்தனச் சிமிழும் இருந்தது. வழமையான இரண்டு பொட்டும் வைத்துவிட்டு, பின்பக்கம் வெளியே தெரிகிற வெள்ளி நிறப் பெற்றோல் மூடியைப் பார்த்தேன். "உனக்குத்தான் இப்ப சாமி தேவை" என்று சொல்லி அதன் நடுவிலும் ஒன்று வைத்தேன். முன்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் பெற்றோல் ஏற்றிவருகிற பவுசர் வந்துவிட்டது. பிறகு விடுவேனா? வரிசையெல்லாம் முடிந்த பிறகும் மூடிக்குப் பொட்டு வைக்கிறது என் வழக்கமாகிவிட்டது. மற்ற இரண்டையும்விட அதற்குத்தான் சந்தனம் கொஞ்சம் கூடுதலாக வைப்பேன்.

பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கி, மாமாவும் மாமியும் தூரத்துக்குப் போய்வர ஆரம்பித்த வருஷம்தான் கார் வருத்தம் காட்டியது. வெள்ளவத்தையில் புறப்படும்போது ஒரு குறையும் இருக்காது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடியதும், வேகம் எடுக்கிற நேரம் பார்த்து எஞ்சினுக்குள் சத்தம் வரும். தகர டின்னுக்குள் நாலு கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு இழுவை குறையும். மிதிக்க மிதிக்க வண்டி தளரும். கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் ஒருநாள் முதலாம் கியருக்கு வந்தும் ஏறாமல் நின்றது, பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. மாமி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டா. கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். பெற்றோல் அடித்த கையோடும் நன்றாக ஓடும். அதனால் மாமா முதலில் பெற்றோலைத்தான் சந்தேகித்தார். மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்று நாடே கதைத்த காலம் அது.

அப்படித்தான் நானாவிடம் போனோம். அவருக்கு மாமாவைவிடப் பத்து வயது குறைவு, ஆனாலும் மாமாவும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார். முஸ்லிம்களான சோனகர் அண்ணனைக் கூப்பிடுகிற சொல் அது, ஆனால் கொட்டாஞ்சேனையில் தமிழர், சிங்களவர், சோனகர் எல்லாருக்குமே அவர் நானாதான். தலையில் வெள்ளைத் தொப்பி, அதில் ஒரு பொட்டுக்கூட எண்ணெய் படிந்திருக்காது. இடுப்பில் கட்டிய சாரம் முழுக்க எண்ணெய். வேலை செய்கிறபோது தொப்பியை எப்படிக் காப்பாற்றுகிறார் என்று நான் பல தடவை பார்த்தும் பிடிபடவில்லை.

நானா முதலில் பெற்றோல் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "கலப்பில்ல, நல்ல எண்ணெ" என்றார். பிறகு ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்து, நான் சொன்ன அந்தத் தவம் நடந்தது. கண்ணைத் திறந்ததும், இருக்கு என்பது ஈக்கி என்று வருகிற தன் பேச்சில், மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். "பயப்படாதீங்க ஐயா. அடியில இருந்து கும்கும் எண்டு வந்தா பேரிங் போயிரிக்கி, எஞ்சினக் கழட்டணும். அந்தச் சத்தம் ஒண்டும் இல்ல. நீங்க சொல்ற கல்லுச் சத்தம் நெருப்பு நேரந்தவறி எரியிறதால வாறது. அதுக்குப் பத்துக் காரணம் ஈக்கி, ஒவ்வொண்டாப் பாப்பம்."

ஒவ்வொன்றாகத்தான் பார்த்தார். பொறி விழுகிற நேரத்தைச் சரிபார்த்தார். பொறியைக் கிளப்புகிற பொயின்ட்டின் இடைவெளியைத் தகடு விட்டு அளந்தார். பொறி விடுகிற நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வைத்தார். மரப்பட்டைபோலக் கபில நிறமாக இருக்க வேண்டிய நுனிகள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தன. அதைப் பார்த்து அவர் நெற்றியைச் சுருக்கினார். "இதுக்குத் தண்ணித் தாகம் மாதிரி பெற்றோல் தாகம் ஐயா. காத்துத்தான் கூடப் போவுது, எண்ணெ பத்தாம ஈக்கி." காற்றையும் பெற்றோலையும் கலக்கிற கார்பரேட்டரைப் பிரித்தார், துவாரமெல்லாம் சுத்தம். பம்பைப் பார்த்தார், அடிக்கிறது. குழாயை ஊதினார், போகிறது. தாகம் இருக்கிறது, தண்ணீர் போகிற வழியெல்லாம் திறந்து கிடக்கிறது. ஓட்டிப் பார்த்தால் கார் குதிரைக்குட்டி மாதிரி ஓடுகிறது. நானா தலையைச் சொறிந்ததை அன்றுதான் பார்த்தேன், தொப்பிக்கு மேலாலேயே சொறிந்தார்.

அடுத்த தடவை கார் கராஜுக்கு நூறு யார் தூரம் கீழே, ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. மாமா தனியாகப் போயிருந்தார். நானா நடந்து இறங்கி வந்து, பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தாராம். கொஞ்ச நேரம் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாராம். பிறகு கராஜுக்குக் கொண்டுபோய் அரை மணித்தியாலம் ஏதோ செய்துவிட்டு, "ஒரு சின்ன அடைப்பு ஐயா, எடுத்தாச்சி" என்றாராம். மாமா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முகமெல்லாம் பிரகாசம். அடுத்த நாள் மாமியை ஏற்றிக்கொண்டு களுபோவில வைத்தியசாலைக்குக் காட்டப் போய்வந்தார், ஒரு கல்லுச் சத்தமும் இல்லை. நானாவுக்கு என்று மாமி பருத்தித்துறை வடை சுட்டுக் கொடுத்துவிட்டா.

ஒரு கிழமை ஓடியது. பிறகு பழையபடி. மாமா திரும்பவும் நானாவிடம் போனார். நானா திரும்பவும் சின்ன அடைப்பு என்று எடுத்துவிட்டார். நாலைந்து நாள் நன்றாக இருக்கும், சனிக்கிழமை வந்தால் கார் முக்கும். இப்படியே இரண்டு மாதம் போனது. சனிக்கிழமையை நான் கவனிக்கவே இல்லை. கம்பனியில் ஆயிரம் பேருடைய காப்புறுதிக் கோரிக்கைகளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறதுதான் என் தொழில். வீட்டுக் காரில் கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் காணவில்லை.

காணவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அதைச் சொன்னால்தான் என் மடத்தனம் முழுதாக விளங்கும். வெள்ளிக்கிழமை கீழே போகும்போது, பெற்றோல் மூடியில் போன கிழமை வைத்த பொட்டின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். சந்தனம் காய்ந்து வெடித்துவிட்டது என்று நினைத்தேன். வடிவான பொட்டில் ஓட்டை இருந்தால் எனக்குப் பொறுக்குமா? இன்னும் கொஞ்சம் குழைத்து, விரலால் அமத்தி நிரப்பிவிட்டு, அதன்மேல் புதுப் பொட்டு வைத்துவிட்டு வருவேன்.

இதற்கிடையில் மாமா மாறிக்கொண்டு வந்தார். காரை எடுக்கிறதுக்கு முன் வலது காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்குள் கதிரையில் இருக்கும்போது, செருப்பில்லாத காலை நிலத்தில் ஊன்றி மெல்ல மெல்ல அழுத்திப் பார்ப்பார். ஒருநாள் மாமி என்னிடம் இரகசியமாக, "மாமா ராத்திரி எழும்பிக் கால் விரல்களை எண்ணுறார், என்னெண்டு கேள்" என்றா. கேட்டேன். சிரித்து மழுப்பினார். பிறகு, மாமி அந்தப் பக்கம் போனதும், "நானா ஓட்டினா ஓடுது பிள்ளை, நான் ஓட்டினா நிக்குது. ஒரே கார். அப்ப பிழை எங்க?" என்றார். கால் மரத்துப்போய், மிதிக்கிற அளவு தெரியாமல் தான்தான் எஞ்சினைக் கொல்லுகிறேன் என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார். சத்தம் உண்மையாகவே வருகிறதா, தன் காதுக்குத்தான் கேட்கிறதா என்றுகூட ஒரு யோசனை. கோடு நேராக இல்லாவிட்டால் சாப்பிடாத மனிதர் தன் கையையும் காலையும் நம்பாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

என் கணவர் நல்லவர்தான், ஆனால் தகப்பன் விஷயத்தில் அவசரக்காரர். எழுபத்தைந்து வயதில் காலி வீதியில் வண்டி நடுவழியில் நின்றால் என்ன ஆகும் என்கிற பயம் அவருக்கு. "அப்பா, போதும். ஓடினது காணும்" என்றார். தெற்கே கடற்கரையில் ஹோட்டல் நடத்துகிற ஒருவர் முன்மண்டபத்தில் அழகுக்கு நிறுத்திவைக்கப் பழைய கார் தேடுகிறார் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். மாமா சண்டை பிடிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "ஓம், நல்லது. அங்க ஓட வேண்டியதில்லைத்தானே" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து எடுப்பதாக ஏற்பாடு. மாமி பல்கனிக் கதிரையை இன்னும் கொஞ்சம் ஓரமாக, வீதி தெரிகிற பக்கமாக நகர்த்தித் தரச்சொல்லிக் கேட்டா. அந்தக் கதிரையை நகர்த்திவிட்டு நான் குளியலறைக்குள் போய் நன்றாக அழுதேன்.

சனிக்கிழமை காலை மாமா கடைசித் தடவையாகக் காரை நானாவிடம் கொண்டுபோனார். போகிற இடத்துக்குச் சுத்தமாகப் போக வேண்டுமாம். தனியாக விட மனமில்லாமல் நானும் ஏறினேன். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கல்லுச் சத்தம் வந்தது. மாமா ஓரமாக நிறுத்தி, பத்து நிமிஷம் இருந்து, பிறகு எடுத்தார். அப்படி இரண்டு இடத்தில் நிறுத்தித்தான் கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தோம்.

நானா எங்களைக் கண்டதும் கதிரை போட்டு, பால் விடாத பிளேன்டீக்குச் சொன்னார். மாமா கதிரையில் இருந்து, நாளைக்கு ஹோட்டல்காரர் வருகிற கதையைச் சொன்னார். "உங்கட கையில ஓடுது, என்ர கையில நிக்குது. கார் சொல்லுறது எனக்கு விளங்குது நானா. என்ர கால் சரியில்லை. இனி ஓடக்கூடாது" என்று, வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். நானாவின் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவர் நிமிரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "ஐயா டீயக் குடிங்க, இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "மகள், ஒருக்கா பொறத்தால வாங்க" என்றார்.

காருக்குப் பின்னால் போனோம். நானா பெற்றோல் மூடியைச் சுட்டிக் காட்டினார். தொடவில்லை.

"இந்தப் பொட்டு ஆரு வெக்கிற மகள்?"

"நான்தான் நானா. வடிவா இருக்கோ?" என்றேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் காது சூடாகும்.

"வடிவாத்தான் ஈக்கி. அதுக்கு நடுவில காத்துப் போற ஓட்டை ஒண்டும் ஈக்கி."

அவர் விளக்கியது இவ்வளவுதான். டாங்கியிலிருந்து பெற்றோல் குறையக் குறைய, அந்த இடத்துக்கு வெளியிலிருந்து காற்று போக வேண்டும். பழைய கார்களில் அது போகிற வழி மூடியின் நடுவில் இருக்கிற ஊசி ஓட்டை. அதை அடைத்தால் டாங்கி உள்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பம்ப் என்னதான் அடித்தாலும் பெற்றோல் வராது. எஞ்சின் பசியில் சூடேறித் தட்டும், இழுவை போகும். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும். அதனால்தான் பெற்றோல் அடித்த கையோடு ஓடியது, நானா மணந்து பார்த்த கையோடு ஓடியது. ஏற்றத்தில் நின்ற அன்று மூடியைத் திறந்தபோது அது சீறிய சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அண்டைக்கே தெரியுமோ?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தது. "ரெண்டு மாசமாத் தெரிஞ்சும் ஏன் நானா சொல்லேல்லை?"

நானா தொப்பியைக் கழற்றினார். அதைக் கழற்றி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "என்ட வாயால எப்பிடி மகள் சொல்லுற? ஒங்கட சாமிக்கு வெச்ச பொட்டு. நான் வேற மார்க்கத்து மனுசன். எடுங்க, வெக்காதீங்க எண்டு நான் சொன்னா அது நல்லா ஈக்குமா? இந்த நாட்டில இதவிடச் சின்னக் கதையெல்லாம் எங்க போய் நிண்டிரிக்கி. அதுதான் பொட்டக் கலைக்காம, மூடிட உள்பக்கத்தால கம்பி விட்டு ஓட்டைய மட்டும் எடுத்துவிட்டன். ஒவ்வொரு மொறையும் அந்த ஓட்டையக் கண்டு நீங்களா வெளங்கிக்குவீங்க எண்டுதான் இரிந்தன்."

நான் அங்கேயே மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் மரியாதைக்காக ஓட்டை போட்டிருக்கிறார். நான் பக்திக்காக அடைத்திருக்கிறேன். கிழமைக்குக் கிழமை, ஒருவரை ஒருவர் காணாமல், இரண்டு பேரும் மனச்சாட்சியோடு இந்த வேலையைச் செய்திருக்கிறோம். நடுவில் ஒரு மனிதர் ராத்திரி எழும்பித் தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஐயா சும்மா வயசு போவுது எண்டு சொல்லுவாரு, நானும் சிரிப்பன். இப்பிடி மனசில வெச்சிருப்பாரு எண்டு சத்தியமாத் தெரியா மகள்" என்றார் நானா. அவருடைய கண் கலங்கியிருந்தது. தானே போய் மாமாவின் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லப்போவதாகப் புறப்பட்டார். நான் மறித்தேன், பிழை என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும் என்றேன். பிழை தன்னுடையது என்றார். சந்தனம் யாருடையது என்று கேட்டேன். தொழில் யாருடையது என்று திருப்பிக் கேட்டார். பிழைக்கு இப்படிப் போட்டி போட்ட இரண்டு பேரை நான் வேறெங்கும் கண்டதில்லை. கடைசியில் என் வாய்தான் நீளம், நான் வென்றேன். அந்தக் கோபத்திலேயே நகத்தால் சுரண்டி மூடியின் பொட்டை நானே எடுத்தேன். நானா மற்றப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் எடுத்து முடிந்த பிறகுதான் கம்பியை விட்டு மிச்சத்தைச் சுத்தம் செய்தார். பிறகு மாமாவிடம் சாவியைக் கொடுத்து, "நீங்களே ஓட்டிக்கொண்டு போங்க ஐயா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது நானா வத்தளையில் மகளோடு இருக்கிறார், கராஜை மருமகன் பார்க்கிறார். நோன்புக் காலத்தில் எங்களுக்குக் கஞ்சி வரும், தைப்பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கல் போகும். கொண்டுபோகிறபோதெல்லாம் அந்த இரண்டு மாதத்தைச் சொல்லி நான் அவரைச் சீண்டுவேன். "நானா, எனக்கு ஏதும் சொல்ல வேணுமெண்டால் ஓட்டை போடாமல் வாயத் திறந்து சொல்லுங்கோ" என்பேன். சிரிப்பார். அவர் அப்படிச் சிரிக்கிறதைப் பார்த்தால், சொல்லாமல் விட்டதற்காக அவரைக் கோபிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரு பொட்டைக் கலைக்கக் கூசிய விரலைப் பற்றி வேறு என்ன சொல்ல.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வருகிறபோது கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. காலிமுகத்திடலைக் கடக்கிற வரைக்கும் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். மாமாதான் முதலில் பேசினார். "இண்டைக்கு ஓடும் பிள்ளை. நானாட கை பட்ட அண்டு ஓடும். நாளைக்குப் போற நேரத்தில நல்லா இருக்கட்டும்" என்றார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. பெற்றோல் வரிசையில் தொடங்கி, சந்தனம், பன்னீர், ஓட்டை, நானா, கம்பி என்று ஒரே மூச்சில் கொட்டினேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

மாமா சிக்னல் போட்டு, காரை ஓரமாக்கி, கியரை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்தார். எஞ்சின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப என்ர காலில பிழையில்லையோ?" என்றார்.

"இல்லை மாமா."

"காதில?"

"காதிலயும் இல்லை. நீங்கள் கேட்ட சத்தம் உண்மையாவே வந்த சத்தம். பிழை என்ர விரலில."

என் விரலைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை. தன் வலது காலைப் பார்த்தார். அதை மெல்ல அழுத்தினார். எஞ்சின் உறுமியது. விட்டார், இறங்கியது. திரும்பவும் அழுத்தினார். பிறகு என் ஃபோனை வாங்கி மகனுக்கு அழைப்பு எடுத்து, "நாளைக்கு அவையள வர வேண்டாமெண்டு சொல்லு" என்றார். மறுபக்கத்தில் என் கணவர் ஏதோ கேட்கத் தொடங்க, "காரணம் உன்ர மனுசியட்டக் கேள்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று முழுக்க அவர் என்னைக் கண்டித்தது அந்த ஒரு வசனம்தான்.

வெள்ளவத்தைக்கு வந்து காரை உள்ளே விடவில்லை. வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடி, "மாமிய இறங்கச் சொல்லு" என்றார். மாமி வீட்டுச் சேலையோடேயே இறங்கி வந்தா. பின்பக்கமாகத் திரும்பி, மெல்ல இருந்து, இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்தா. கல்கிசைக் கடற்கரைப் பக்கம் திரும்பிப் போனார்கள். பொழுதுபட்ட பிறகுதான் வந்தார்கள். மாமியைக் கைபிடித்து லிஃப்ட்டுக்குக் கூட்டிவந்தபோது, போன இடம் எப்படி என்று கேட்டேன்.

"எங்க கடலப் பாக்க விட்டவர்?" என்றா மாமி. "போகேக்கையும் அதே கதை, வரேக்கையும் அதே கதை. காலில பிழையில்லையாம், காலில பிழையில்லையாம். நாற்பது வருசம் பக்கத்தில இருந்து வாறன், நான் எப்பவாவது பிழையெண்டு சொன்னனானோ?"

பின்னால் சாவியைத் துடைத்துக்கொண்டு வந்த மாமா, மாமியைப் பார்த்து, "நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன். என்னட்டப் பிழையெண்டு சொன்னது கார்" என்றார்.